விலாங்குகளுக்குத் தெரிந்த முகம்

"எங்க மீனு?" என்று கேட்டார் மேலாளர்.

தொட்டிக்காரர் கண்ணாடிக்குள் பார்த்தார். உள்ளே மணல் இருந்தது. சலித்து, கழுவி, காயவைத்துக் கொட்டிய நல்ல வெள்ளை மணல். மணலைத் தவிர ஒன்றும் இல்லை.

"இப்பதான் சார் இருந்துச்சு. நாப்பதும் இருந்துச்சு. நீங்க வந்து நின்னதும்..."

"நின்னதும்?"

"ஒவ்வொண்ணா உள்ள போயிடுச்சு."

மேலாளர் தனியாக வரவில்லை. மனைவி, இரண்டு பெண்கள், அந்தப் பெண்களின் தண்ணீர் பாட்டில்கள் சகிதம் வந்திருந்தார். மீன் காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய குடும்பக் கூடத்தை ஞாயிற்றுக்கிழமை திறக்கப்போகிறார்கள். அதற்குள் ஒரு குடும்பத்தை வைத்தே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை தன் குடும்பத்தையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடல் குதிரைகளைப் பார்த்தார்கள். தொட்டுப் பார்க்கும் குளத்தில் நட்சத்திர மீனைத் தொட்டுப் பார்த்து, பெரியவள் கையை அப்பாவின் சட்டையில் துடைத்தாள். கடைசியில் கூடத்துக்கே நாயகமான இந்தத் தொட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரைக்கும் வில்லாக வளைந்த கண்ணாடி. அதற்குள் நாற்பது மணல் விலாங்குகள் இருப்பதாக வெளியே பலகை சொன்னது.

"அப்பா, இது மணல் காட்சியா?" என்றாள் சின்னவள்.

"மணல் விலாங்கும்மா."

"மணல் இருக்கு. விலாங்கு எங்க?"

தொட்டிக்காரர் பலகையைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். பென்சில் கனம், ஒரு முழ நீளம். வாலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டி, காற்றில் ஆடும் புல் மாதிரி நிற்கும். ஓடுகிற தண்ணீரில் மிதந்து வரும் துணுக்குகளைக் கொத்தித் தின்னும். பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"எதுக்குப் பயப்படுது?" என்றாள் சின்னவள்.

அதுதான் தொட்டிக்காரருக்கும் தெரியவில்லை. மூன்று வாரமாக அவர் தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாள்கூட அவை பயப்படவில்லை. நாள் முழுக்க நின்றன. அவர் இருமினால்கூட நின்றன. மேலாளர்தான் மூன்று வாரமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கூடத்தின் திரைச்சீலைக்கு எந்த நீலம் என்று தீர்மானிப்பதிலேயே அவருக்குப் பொழுது சரியாக இருந்தது.

குடும்பம் வெளியே போனதும் மேலாளர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சுவரொட்டியில என்ன போட்டிருக்கு?"

"எழுந்து நின்று வரவேற்கும் விலாங்குகள்னு சார்."

"யார் எழுதினது?"

"நீங்கதான் சார்."

"நீங்க சொல்லித்தானே எழுதினேன்." மேலாளர் குரலைத் தாழ்த்தினார். கத்துகிற மேலாளரைச் சமாளித்துவிடலாம், குரலைத் தாழ்த்துகிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை இது எழுந்து நிக்கலைன்னா, திங்கக்கிழமை இந்தத் தொட்டிக்கு வேற மீன், உங்களுக்கு வேற வேலை. வாசல்ல பெங்குவின் உடுப்புப் போடுறவர் முதுகு வலின்னு நின்னுட்டாரு. உங்க உயரத்துக்கு அது கச்சிதமா இருக்கும்."

அந்த உடுப்பைத் தொட்டிக்காரர் அறிவார். உள்ளே காற்று போகாது. அலகுக்குள் இருக்கும் ஒரு துளை வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் முன்னால் வந்து கைகொடுப்பார்கள், பின்னால் போய் வாலைப் பிடித்துத் தொங்குவார்கள். பதினான்கு வருடம் தொட்டி கழுவி, தண்ணீர் மாற்றி, மீன் செத்தால் அழுது, கடைசியில் தனக்கென்று ஒரு தொட்டி கிடைத்த மனிதரை அதற்குள் போட்டு ஜிப்பை இழுக்கப் போகிறார்கள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவருடைய எட்டு வயது மகள் சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பா, ஞாயித்துக்கிழமை எங்க வகுப்புல பாதிப் பேர் வராங்க. எங்க அப்பா போய் நின்னா மீனெல்லாம் எழுந்து நிக்கும்னு சொல்லியிருக்கேன்."

"நிக்கும்மா, நிக்கும்."

"டீச்சர் நம்பலப்பா. அதான் டீச்சரையும் வரச் சொல்லிட்டேன்."

அவருடைய மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பதினொரு வருடமாகப் பார்த்துப் பழகிய முகம். அதில் ஏதோ சரியில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் நாற்பதும் நின்றுகொண்டிருந்தன. தொட்டிக்காரர் போனை எடுத்தார்.

"சார், வந்துட்டாங்க."

"யாரு?"

"விலாங்கு சார்."

மேலாளர் இரண்டு மாடி இறங்கி ஓடி வந்தார். கண்ணாடி முன்னால் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். விலாங்குகள் கொஞ்சம் யோசித்தன. பிறகு ஒன்று தலையை இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தது இழுத்துக்கொண்டது. ஒரு நிமிடத்துக்குள் வெறும் மணல். மேலாளர் மாடிக்குப் போனார். தன் அறையில் இருந்த கேமரா திரையில் பார்த்தார். தொட்டிக்காரர் தனியாக நிற்க, அவரைச் சுற்றி நாற்பதும் மறுபடி எழுந்து ஆடிக்கொண்டிருந்தன. இறங்கி ஓடி வந்தார். மணல். மூன்றாம் முறை ஏறும்போது மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆள் நடக்கற அதிர்வா இருக்கும் சார்" என்றார் தொட்டிக்காரர். "உயரமா வந்து நின்னாலும் பயப்படும். குனிஞ்சு, மெதுவா வரச் சொல்லலாம்."

பகலில் ஊழியர்களின் குடும்பங்களை வரவழைத்து இன்னொரு ஒத்திகை நடந்தது. வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'அமைதியாக, தவழ்ந்து வரவும்.' முப்பது பேர் தவழ்ந்து வந்தார்கள். கைக்குழந்தைகளுக்கு ஒரே சந்தோஷம். பெரியவர்கள் எல்லோரும் தங்கள் உயரத்துக்கு இறங்கி வந்துவிட்டார்கள் என்று அவை கைகொட்டின. விலாங்குகளுக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை. முதல் தலை கண்ணாடியருகே வந்ததுமே உள்ளே போய்விட்டன. டிக்கெட் கொடுக்கும் அம்மாவின் கணவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அவரை அப்படியே தவழ்ந்த கோலத்தில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் வெளியே பரவிவிட்டது. காட்சியகத்துக்கு வந்த முதல் போன்: "ஞாயித்துக்கிழமை தவழ்ந்துதான் வரணுமாமே? எங்க மாமனாருக்கு எழுபது வயசு. அவரைக் கூட்டிட்டு வரலாமா?"

மேலாளர் போனை வைத்துவிட்டுத் தொட்டிக்காரரை முறைத்தார். தொட்டிக்காரர் தரையைப் பார்த்தார்.

"உங்களைப் பார்த்து மட்டும் ஏன் பயப்பட மாட்டேங்குது?" என்றார் மேலாளர் கடைசியில். கோபம் போய் அவருக்கே இப்போது ஆவல் வந்துவிட்டது. "உங்ககிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லியே சார்."

"சட்டையா இருக்குமோ? கழட்டுங்க."

இருவரும் உடுப்பை மாற்றிக்கொண்டார்கள். மேலாளர் தொட்டிக்காரரின் நீலச் சட்டை, ரப்பர் பூட்ஸ், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு, மீன் வாடையோடு தொட்டி முன் போய் நின்றார். மணல். முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மணல். தொட்டிக்காரர் மாதிரியே இருமிப் பார்த்தார். மணலிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை.

"இப்ப நீங்க போங்க."

மேலாளரின் கோட்டு, டை, பளபளக்கும் செருப்போடு தொட்டிக்காரர் போய் நின்றார். மேலாளர் மாடிக்கு ஓடிப்போய்க் கேமராவில் பார்த்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. முதல் தலை எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டு, ஐந்து, பத்து. நாற்பதும் எழுந்து நின்று அவரை வரவேற்றன.

சட்டை இல்லை, வாடை இல்லை, பூட்ஸ் இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மேலாளர் கீழே வந்து, அந்த மிச்சத்தை வெகு அருகில் வைத்துப் பார்த்தார்.

"முகம்" என்றார். "உங்க முகத்தை அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்த முகத்தைப் பற்றி யாரும் இதுவரை ஒரு வார்த்தை நல்லதாகவோ கெட்டதாகவோ சொன்னதில்லை. வழியில் நேரம் கேட்பவர்கள் கேட்டுவிட்டு, நன்றி சொல்லும்போது வேறு யாரையாவது பார்த்துச் சொல்வார்கள். அவருடைய கல்யாண வீடியோவில் படம் பிடித்தவர், தம்பியைத்தான் மாப்பிள்ளை என்று நினைத்துப் பாதி நேரம் பிடித்து வைத்திருந்தார். அப்பேர்ப்பட்ட முகத்தை நாற்பது ஜீவன்கள் அடையாளம் வைத்துக்கொண்டு, அது வந்தால் மட்டும் எழுந்து நிற்கின்றன. தொட்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெங்குவின் உடுப்பைக்கூட ஒரு நிமிடம் மறந்துபோனார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் சொன்னார்: "என் முகத்துக்காகத்தான் எழுந்து நிக்குதாம்."

"நானும் பதினொரு வருஷமா பாக்கறேன். எனக்கு அப்படி ஒண்ணும் தோணலையே" என்றாள் அவள். ஆனாலும் ஒரு முறை உற்றுப் பார்த்துக்கொண்டாள்.

விஞ்ஞானம் முன்னேறிவிட்டதே தவிர விஷயம் முன்னேறவில்லை. தொட்டிக்காரர் நின்றால் விலாங்கு வரும். பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றால் போய்விடும். பார்க்க ஆளில்லாத நேரத்தில் மட்டும் வெளியே வரும் மீனை வைத்துக்கொண்டு காட்சியகம் நடத்த முடியாது.

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடியே அவருக்கு அந்த யோசனை வந்தது. பின்னால் எத்தனையோ தடவை, அன்றைக்குப் பல் தேய்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவர் நினைத்துக்கொண்டதுண்டு.

அடையாள அட்டையில் இருந்த தன் படத்தை எடுத்துக்கொண்டு நகல் கடைக்குப் போனார். நிஜ முக அளவுக்குப் பெரிதாக்கி அட்டையில் ஐந்து பிரதி வேண்டும் என்றார். கடைக்காரர் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"எப்ப காணாமப் போனாரு?"

"காணாமப் போகலைங்க. அது நான்தான்."

கடைக்காரர் படத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்படிங்களா" என்றார், முழுக்க நம்பாமல்.

கண்ணுக்கு இரண்டு ஓட்டை, காதுக்கு ரப்பர் பட்டை. முதல் முகமூடியை மேலாளர் மாட்டிக்கொண்டார். தொட்டிக்காரர் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தார். தன் தலை மேலாளரின் கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்கு என்னவோ போல் இருந்தது. அந்தத் தலை தொட்டியருகே போய் நின்றது. விலாங்குகள் நின்றுகொண்டே இருந்தன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

"ஆடுது" என்று முகமூடிக்குள்ளிருந்து மேலாளரின் குரல் வந்தது. அது குழந்தையின் குரலைப் போல இருந்தது. "எவ்வளவு அழகா ஆடுதுய்யா."

டிக்கெட் அம்மா மாட்டிக்கொண்டு வந்தார். நின்றன. முட்டி பிடித்த கணவர் நொண்டிக்கொண்டு வந்தார். நின்றன. ஐந்து பேர் ஐந்து முகமூடியோடு ஒன்றாக நின்றார்கள். அப்போதும் நின்றன.

தொட்டிக்காரருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு சேர்ந்து நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தியது. மூன்று வாரம் முக்காலியில் உட்கார்ந்தது அவர். இவர்கள் நேற்று வந்தவர்கள். கொஞ்சமாவது தயங்கியிருக்கலாம் என்று விலாங்குகள் மேல் அவருக்கு வருத்தம்.

முந்நூறு முகமூடிகளுக்குச் சொல்லியாயிற்று. ஓட்டை போடும் வேலை வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் முழுக்க மனைவியும் மகளும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார்கள்.

"முந்நூறு தடவை உங்க கண்ணை நோண்டிட்டேன்" என்றாள் மனைவி கடைசியில், கையை உதறிக்கொண்டு. "மனசுக்கு லேசாதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கதவு திறந்தது.

பத்தரை மணிக்குக் கூடத்துக்குள் பார்த்தால் எங்கே திரும்பினாலும் தொட்டிக்காரர். குட்டைத் தொட்டிக்காரர், நெட்டைத் தொட்டிக்காரர், கைப்பை மாட்டிய தொட்டிக்காரர், இடுப்பில் உட்கார்ந்து பால் புட்டி சப்பும் தொட்டிக்காரர். ஒரு தொட்டிக்காரர் இன்னொரு தொட்டிக்காரரிடம், "நான்தான் முன்னாடி வந்தேன், வரிசையில நில்லுங்க" என்று சண்டை போட்டார். இரண்டு பேர் முகத்திலும் அடையாள அட்டைக்காகச் சிரித்த அதே அசட்டுச் சிரிப்பு. நிஜத் தொட்டிக்காரர் நடுவில் போய் விலக்கினார். "உங்களுக்கென்ன, நீங்களும் இவங்க ஆளா?" என்று இருவரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள்.

ஒரு பெண்மணி மேலாளரிடம் புகார் கொடுத்தாள். "ஒருத்தர் என் காலை மிதிச்சுட்டுப் போயிட்டார்."

"ஆளைக் காட்டுங்கம்மா."

அந்தம்மா கூட்டத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

அவருடைய மனைவி மகளின் வகுப்புப் பட்டாளத்தோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "வீட்ல ஒருத்தரைச் சமாளிக்கறதே போதும் போதும்னு இருக்கு" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் தானும் புருஷன் முகத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆனால் விலாங்குகள்? அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. நாற்பதும் எழுந்து நின்று, வளைந்து நிமிர்ந்து, ஒன்றின் வழியில் இன்னொன்று குறுக்கிட்டால் வாயைத் திறந்து சண்டைகூடப் போட்டுக்கொண்டு ஆடின. பார்த்தவர்கள் நகர மனமில்லாமல் நின்றார்கள். இத்தனைக்கும் பதினொன்றே காலுக்கு ஒரு விபத்து நடந்தது. பெரியவர் ஒருவருக்குத் தும்மல் வந்து, 'கண்ணாடி முன் முகமூடியைக் கழற்றக் கூடாது' என்ற பலகைக்குக் கீழேயே முகமூடியைக் கழற்றி, கைக்குட்டையைத் தேடி, சாவகாசமாக மூக்கைத் துடைத்தார். விலாங்குகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நாற்பது தொட்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பாவம், அவர் நடுங்கிப்போய் முகமூடியை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் விலாங்குகள் திரும்ப வந்தன.

"பாத்தீங்களா, எவ்வளவு துல்லியமா கண்டுபிடிக்குது" என்று டீச்சரே மெய்சிலிர்த்துப்போனார்.

தொட்டிக்காரர் கூட்டத்தில் மகளைத் தேடினார். அரை டஜன் குட்டித் தொட்டிக்காரர்களில் செருப்பை வைத்துக் கண்டுபிடித்தார்.

"எப்படிம்மா இருக்கு? நிக்குதா?"

"நிக்குதுப்பா" என்றார் அந்தச் சின்னத் தொட்டிக்காரர், உற்சாகமில்லாமல். "ஆனா எனக்கும் நிக்குது. அம்மாவுக்கும் நிக்குது. டீச்சருக்கும் நிக்குது. அப்ப உனக்காகத்தான் நிக்கும்னு சொன்னியே, அது பொய்யாப்பா?"

அவர் குனிந்து அவளுடைய ரப்பர் பட்டையைக் காதில் சரியாக மாட்டிவிட்டார். மகள் அவர் முகத்தையே மாட்டிக்கொண்டு அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கடைசிக் குடும்பமும் வெளியேறியது. மேலாளர் வாயெல்லாம் பல்லாக வந்தார். கையில் ஒரு காகிதம் இருந்தது.

"பிரமாதம். அடுத்த மாசம் வரைக்கும் வரப்போறவங்க இப்பவே கேக்கறாங்க. இன்னும் ரெண்டாயிரம் முகமூடிக்குச் சொல்லிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் சார். அப்ப இந்தத் தொட்டி எங்கிட்டயே..."

"அதைத்தான் சொல்ல வந்தேன்." மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "தொட்டிக்கு இனிமே நீங்க வேண்டியதில்லை. தீனி போடறதுக்கு டிக்கெட் அம்மாவோட வீட்டுக்காரரே போதும், முகமூடி மாட்டிட்டு வந்து போட்டுடுவாரு. நீங்க நாளைலேர்ந்து வாசலுக்கு வந்துடுங்க."

"சார், மீன் எழுந்து நிக்கலைன்னாதானே பெங்குவின்னு சொன்னீங்க. நின்னுடுச்சே."

"நின்னது உங்களுக்கா? உங்க முகத்துக்கு. முகம் எங்ககிட்ட ரெண்டாயிரம் இருக்கு. பெங்குவினுக்கு ஆள் ஒருத்தர்கூட இல்லை."

தொட்டிக்காரர் அந்தக் காகிதத்தை வாங்கி, தன் மாற்றல் உத்தரவைப் படித்தார். தர்க்கத்தில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை. ஓட்டையெல்லாம் அவர் வீட்டிலேயேதான் போட்டுக் கொடுத்திருந்தார்கள், ஒரு முகத்துக்கு இரண்டாக.

"அதுங்களுக்கு என்னைத் தெரியும் சார்" என்றார். "முகத்தை விடுங்க. மூணு வாரம் பேசியிருக்கேன். பதினாலு வருஷத்துல எனக்காக எழுந்து நின்னது இதுங்க மட்டும்தான்."

மேலாளர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அவருக்கும் என்னவோ செய்தது. அவர் தோளில் கையை வைத்தார். இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலாங்குகள் மெல்ல மெல்ல உள்ளே போய் மறைந்தன.

தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த சின்னக் கதவு திறந்தது. பின்பக்கத்து மோட்டார் அறையிலிருந்து ஒருவர் குனிந்து வெளியே வந்தார். தொட்டிக்குத் தண்ணீரை ஓடவிடும் மோட்டாரைக் கவனித்துக்கொள்வதற்காக வியாழக்கிழமை காலையில் மேலாளர் வேலைக்கு வைத்தவர். பின்தெரு வழியாக வந்து பின்தெரு வழியாகவே போகிறவர் என்பதால் தொட்டிக்காரர் அவரை இப்போதுதான் பார்க்கிறார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நெட்டி முறித்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், காலைலேர்ந்து நகரல. ஒரு டீகூடக் குடிக்கல" என்றார் மேலாளரிடம். பிறகு தொட்டிக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "நீங்கதானா சார் அது. உள்ளேர்ந்து பாத்தா தண்ணிக்குள்ள முகம் மட்டும்தான் மங்கலா தெரியும். அதுவும் வளைஞ்ச கண்ணாடியா, ஒருத்தர் நின்னா அம்பது பேர் நிக்கற மாதிரி தெரியுது."

"உள்ளேர்ந்து எங்களை எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் தொட்டிக்காரர்.

"நல்லா கேட்டீங்க. உங்க படத்தைக் காட்டி, ஜனங்க போட்டோ எடுக்கறப்போ தண்ணி ஆடக் கூடாது, இவரைத் தவிர வேற யார் முகம் தெரிஞ்சாலும் மோட்டாரை நிறுத்திடுன்னு சார்தானே சொன்னாரு. தண்ணி ஓட்டம் நின்னா மீனும் மணலுக்குள்ள போயிடுது. நானும் கண்ணு வலிக்கப் பாத்துட்டே இருக்கேன், இன்னிக்குப் பூரா யாரோ ஒரு பெரியவரைத் தவிர நீங்களேதான் வந்து வந்து நிக்கறீங்க, ஜனங்களை எப்ப சார் உள்ள விடப்போறீங்க?"